பிளஸ் டூவில் முந்தும் பெண் பிள்ளைகள் பத்து வருஷம் கழித்து எங்கே? (மதுரை வட்டாரம்)

நாகமலை விரிவுரையாளர் | மே 9, 2025, மாலை 6.12

பிளஸ் டூ ரிசல்ட் நேற்று வந்தது. மாநிலத் தேர்ச்சி 95.03 சதவீதம். மாணவிகள் 96.70, மாணவர்கள் 93.16. போன வருஷம் 96.44க்கு 92.37. அதற்கு முந்தைய வருஷங்களைப் பார்த்தாலும் பெண்கள்தான் மேலே.

மதுரைக்கு மேற்கே ஒரு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் எடுக்கிறேன். வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். அரியர் இல்லாமல் முடிப்பது, ப்ராஜெக்ட்டை உருப்படியாகச் செய்வது, ரேங்க் வாங்குவது எல்லாம் பெரும்பாலும் அவர்கள்தான். பழைய மாணவர்கள் கல்லூரிக்கு வரும்போது யார் என்ன செய்கிறார்கள் என்று விசாரிப்பேன். பையன்களைப் பற்றிக் கேட்டால் கம்பெனிப் பெயர் வருகிறது. பெண்களைப் பற்றிக் கேட்டால் ஊர்ப் பெயர் வருகிறது. "அவ இப்போ திருப்பூர்ல இருக்கா மேடம்." "அவ கல்யாணமாகி சிங்கப்பூர் போயிட்டா." என்ன வேலை பார்க்கிறாள் என்பதை நான் இன்னொரு முறை கேட்க வேண்டியிருக்கிறது.

நாட்டு அளவிலும் இதே போக்குதான். 2020-21 உயர்கல்விக் கணக்கெடுப்பில், இளநிலை முதல் முனைவர் பட்டம் வரை அறிவியல் பிரிவில் படித்த பெண்கள் 29.5 லட்சம், ஆண்கள் 27.7 லட்சம். பொறியியல் இளநிலையில் பெண்கள் சுமார் 29 சதவீதம். ஆனால் ஆராய்ச்சிப் பணியில் நேரடியாக இருப்பவர்களை எண்ணினால், இந்தியாவில் பெண்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உலக அளவில் அது மூன்றில் ஒரு பங்கு.

பிப்ரவரி 11ஆம் தேதி, அறிவியலில் பெண்கள் தினத்துக்கு, "பெண் பிள்ளைகளை அறிவியல் படிக்க வைப்போம்" என்று எங்கள் கல்லூரியிலும் பேனர் கட்டினோம். படிக்கத்தானே செய்கிறார்கள்? படித்து முடித்தபின் எந்த இடத்தில், எந்தக் காரணத்தால் நின்றுபோகிறது என்று பேசத்தான் இந்த இழை. "சமூகம் மாறணும்" என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த இடத்தையும் காரணத்தையும் சொல்லுங்கள்.

உசிலை அப்பா | மே 9, இரவு 9.40

மேடம், நான் உசிலம்பட்டி பக்கம். உரக்கடை வைத்திருக்கிறேன். என் மகள் அரசுப் பள்ளியில் படித்து இந்த வருஷம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கட்-ஆஃப் 187. மெக்கானிக்கல்தான் வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். வீட்டில் டிராக்டர் பழுதானால் அவளும் மெக்கானிக்கோடு உட்கார்ந்துவிடுவாள், அந்த ஆசை.

என் மச்சினன், "பொம்பளப் பிள்ளைக்கு மெக்கானிக்கலா, கம்ப்யூட்டர் போடுங்க மாமா, ஏசி ரூம்ல உக்காந்து வேலை பாக்கும்" என்கிறார். என் அம்மாவோ, எதுவானாலும் வீட்டிலிருந்து போய் வருகிற கல்லூரியாக இருந்தால் சரி என்கிறார். எனக்கு மகள்மேல் நம்பிக்கை இருக்கிறது. ஆனால் நாலு வருஷம் கழித்து ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ நைட் ஷிப்ட் என்றால் அவளை எங்கே தங்க வைப்பது? அவள் மெக்கானிக்கல் எடுத்தால் வேலை தருவார்களா, மாட்டார்களா? தெரிந்தவர்கள் உள்ளபடி சொல்லுங்கள்.

மைக்ரோமீட்டர் | மே 9, இரவு 11.05

அப்பா, நான் டிப்ளமோ மெக்கானிக்கல். இப்போது வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். கம்பெனிப் பெயர் வேண்டாம்.

வேலை கிடைக்கும். ஆனால் கிடைக்கிற விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கேம்பஸ் இன்டர்வியூ அறிவிப்பிலேயே சில கம்பெனிகள் "ஆண்கள் மட்டும்" என்று போட்டிருந்தன. நோட்டீஸ் போர்டில் எல்லார் கண்ணிலும் பட்டது, கல்லூரியில் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. என்னைவிட மார்க் குறைந்த பையன்கள் போய் உட்கார்ந்தார்கள். நாங்கள் வகுப்பில் இருந்தோம்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு இன்னொன்று. பெண் என்றால் நேரே குவாலிட்டிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அளவெடுப்பது, ரிப்போர்ட் எழுதுவது, சி.எம்.எம். என்கிற துல்லிய அளவு மெஷினில் பார்ட் வைத்துச் சரிபார்ப்பது. பொறுமை வேண்டும், கண் வேண்டும், நல்ல வேலைதான். ஆனால் லைன் இன்சார்ஜ், ஷிப்ட் இன்ஜினியர், பிளான்ட் மேனேஜர் என்று மேலே போகிற ஏணி உற்பத்திப் பிரிவில்தான் இருக்கிறது. சி.என்.சி. (கம்ப்யூட்டர் கட்டளையில் ஓடுகிற மெஷின்) புரோகிராம் எழுத எனக்குத் தெரியும். மெஷினில் நிற்கக் கேட்டேன், "பாத்துக்கலாம்மா" என்றார்கள். கூடச் சேர்ந்த பையன் இன்று ஷிப்ட் இன்ஜினியர்.

அப்புறம் கழிப்பறை. ஷாப் ஃப்ளோரில் ஆண்களுக்கு மட்டும் இருந்தது. எங்களுக்கு ஆபீஸ் கட்டடத்தில், போய்வர நேரம் பிடிக்கும். போனால் "எங்கே போனே" என்று கேள்வி. தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்ட அக்காக்கள் இருக்கிறார்கள். இப்போது பக்கத்திலேயே கட்டிவிட்டார்கள், பல தடவை எழுதிக் கொடுத்த பிறகு.

இதையெல்லாம் உங்கள் மகளைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அவள் டிராக்டர் பக்கத்தில் உட்காருகிறவள் என்றால் தயவுசெய்து மெக்கானிக்கலே விடுங்கள். பிடிக்காத படிப்பைப் படித்துவிட்டு பிடிக்காத வேலையில் யாருமே நிலைப்பதில்லை.

கப்பலூர் பட்டறை | மே 10, காலை 7.30

நான் எதிர்ப்பக்கம். கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் சின்ன யூனிட், 38 பேர். எல்லாரும் முதலாளியைத் திட்டப் போகிறீர்கள், அதனால் என் கணக்கையும் கேளுங்கள்.

ஒரு டிரெய்னியை மெஷினில் தனியாக நிற்கவைக்க எனக்கு ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும். அதற்குள் உடைகிற டூல், வீணாகிற மெட்டீரியல் எல்லாம் என் செலவு. பெண் பிள்ளை என்றால் பழகி முடிக்கும்போது கல்யாணப் பத்திரிகை வந்துவிடுகிறது. சரி, வாழ்த்திவிட்டு அனுப்பத்தான் வேண்டும். இரவு ஷிப்ட் போட்டால் வேன் விட வேண்டும். திருமங்கலம் பக்கம் இரண்டு பேர், அவனியாபுரம் ஒருவர், விளாச்சேரி ஒருவர். நான்கு பேருக்காக ஒரு வேன் மூன்று திசையில் ஓடினால் அந்த ஷிப்டில் எனக்கு என்ன மிஞ்சும்? மகப்பேறு விடுப்பு 26 வாரம். பெரிய கம்பெனி தாங்கும். 38 பேர் யூனிட் தாங்குமா? பெண்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. வேலையில் அவர்கள் ரிஜெக்‌ஷன் குறைவு, அதை நானே பார்த்திருக்கிறேன்.

உலகனேரி வக்கீல் | மே 10, பகல் 1.15

கப்பலூர் அண்ணே, வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. இதில் சட்டம் தொடர்பான விஷயங்களைப் பிரித்துச் சொல்கிறேன்.

மகப்பேறு விடுப்புச் சம்பளத்தை முதலாளி கையிலிருந்து தர வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற உங்கள் மாதிரி தொழிற்சாலை ஈ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வரும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குகிற பெண்ணுக்கு, உரிய நாட்கள் சந்தா கட்டியிருந்தால், அந்த 26 வாரச் சம்பளத்தை ஈ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன்தான் தருகிறது. நீங்கள் மாதாமாதம் கட்டுகிற சந்தாவே அதற்குத்தான். டிரெய்னி, ஆபரேட்டர், ஜூனியர் இன்ஜினியர் என்று உங்கள் யூனிட்டில் அநேகமாக எல்லாரும் இந்த வரம்புக்குள் வருவார்கள். மகப்பேறு சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்த குழந்தைகள் காப்பகக் கட்டாயம் 50 பேர் இருந்தால்தான். 38 பேர் யூனிட்டுக்குக் கிடையாது.

இரவுப் பணி. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, பெண்களைக் காலை 6 முதல் மாலை 7 வரை மட்டும் வேலை வாங்கலாம் என்று வைத்திருந்தது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. போக்குவரத்து, ஓய்வறை, கழிப்பறை, தனி ஆளாக நிறுத்தாமல் குழுவாக வேலை தருவது என்று நிபந்தனைகளும் சேர்த்தது. வழக்குப் போட்டவர்களில் வேலை செய்கிற பெண்களும் உண்டு. இரவு வேலை வேண்டாம் என்று பெண்கள் சொல்வதாக ஊரில் பேசுகிறோம். அந்தத் தடையால் சம்பளமும் பதவி உயர்வும் போகிறது என்று நீதிமன்றம் வரை பெண்களும் போனார்கள்.

"ஆண்கள் மட்டும்" என்று கேம்பஸ் அறிவிப்பு போடுவது பற்றி: 1976 சம ஊதியச் சட்டமே ஆள் எடுப்பதிலும் பாகுபாடு கூடாது என்று சொல்லிவிட்டது. மைக்ரோமீட்டர் தங்கச்சி, உங்கள் கல்லூரி பிளேஸ்மென்ட் ஆபீசர் அந்தத் தாளை ஒட்டுவதற்கு முன்னால் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்க வேண்டும்.

கப்பலூர் பட்டறை | மே 10, மாலை 5.50

ஈ.எஸ்.ஐ. தருவது தெரியும் வக்கீல் சார். பணம் ஒரு பக்கம். ஆறு மாதம் அந்த மெஷினில் யார் நிற்பது என்பது இன்னொரு பக்கம். அதற்கு ஈ.எஸ்.ஐ. ஆள் அனுப்பாது.

மைக்ரோமீட்டர் | மே 10, இரவு 8.20

அண்ணே, பையன்கள் போகவில்லையா? எங்கள் செக்‌ஷனில் பழகிய பையன்கள் கோயம்புத்தூருக்கும் துபாய்க்கும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். சொல்லாமல் கொள்ளாமல் சம்பள நாளுக்கு மறுநாள் நின்றுவிடுகிறார்கள். மகப்பேறு என்றால் பல மாதத்துக்கு முன்னாலேயே உங்களுக்குத் தெரியும், அதற்குள் இன்னொருவரைப் பழக்கலாம். பையன் போனால் "பொழைக்கப் போறான்" என்கிறீர்கள். அடுத்த முறை பையனே வேண்டாம் என்று யாரும் முடிவு செய்வதில்லை. ஒரு பெண் போனால், அடுத்து வருகிற எல்லாப் பெண்ணுக்கும் கதவு சாத்தப்படுகிறது.

கே.கே.நகர் பொறியாளர் | மே 10, இரவு 10.02

சமமாக நடத்த வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஐ.ஐ.டி.யில் பெண்களுக்குத் தனி இடம், அரசு வேலையில் பெண்களுக்கு ஒதுக்கீடு என்று போனால் அது எப்படிச் சமம்? என் மகன் இரவு பகலாகப் படித்து ஐ.ஐ.டி.யைச் சில மதிப்பெண்ணில் விட்டான். அவனைவிட பின்னால் ரேங்க் எடுத்த பெண்ணுக்குக் கிடைத்தது. அவனுக்கு நான் என்ன பதில் சொல்வது?

மேலூர் கணக்கு டீச்சர் | மே 11, காலை 6.45

சார், உங்கள் மகனின் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்த இடம் அவனிடமிருந்து எடுக்கப்பட்டது அல்ல. ஐ.ஐ.டி.களில் பெண்கள் பத்து சதவீதத்துக்கும் கீழே இருந்தார்கள். 2018இல் 14, 2019இல் 17, 2020இல் 20 சதவீதம் என்று இலக்கு வைத்து, ஏற்கெனவே இருந்த இடங்களுக்கு மேல் கூடுதல் இடங்களை உருவாக்கினார்கள். மற்றவர்களுக்கான எண்ணிக்கை அதற்காகக் குறைக்கப்படவில்லை. உள்ளே போன பெண்களும் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் தகுதி பெற்றவர்கள்தான். அரசு வேலையில் 30 சதவீதம் 1989இலிருந்து இருக்கிறது. 2021இல் அதை 40 ஆக்குவதாக அறிவித்தார்கள்.

அந்த ரேங்க் எப்படி வருகிறது என்பதையும் பாருங்கள். எங்கள் பள்ளியில் கணக்கில் நூறு வாங்கக்கூடிய பிள்ளைகள் இருக்கிறார்கள். ஜே.இ.இ., நீட் கோச்சிங் எல்லாம் மதுரை டவுனில். வகுப்பு முடிய இரவு எட்டரை. மாட்டுத்தாவணி வந்து பஸ் பிடித்து மேலூர் இறங்கி, அங்கிருந்து கிராமத்துக்கு மினி பஸ் போய்விட்டிருக்கும். பையனாக இருந்தால் பைக் எடுத்துக்கொள்கிறான், இல்லை சித்தப்பா வீட்டில் தங்கிக்கொள்கிறான். பெண்ணாக இருந்தால் அந்தக் கோச்சிங்கே கிடையாது. இருவரும் ஒரே பரீட்சை எழுதுகிறார்கள், ஆனால் ஒரே தயாரிப்போடு அல்ல.

பிளஸ் ஒன் சேர்க்கையிலேயே இது தொடங்கிவிடுகிறது. பத்தாம் வகுப்பில் 450க்கு மேல் வாங்கிய பெண்ணுக்கு ஃபர்ஸ்ட் குரூப் வேண்டாம், ஆர்ட்ஸ் குரூப் போடுங்கள் என்று பெற்றோர் வருகிறார்கள். கணக்கு வராது என்பதால் இல்லை. ஃபர்ஸ்ட் குரூப் என்றால் ஸ்பெஷல் கிளாஸ், டியூஷன், வீடு வர இருட்டிவிடும் என்பதால். இந்தக் கதையைக் கேட்காத ஜூன் மாதமே எனக்கு இல்லை.

கொஞ்சம் மாறியும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காசு சின்னதாகத் தெரியலாம். ஆனால் லைப்ரரிக்கோ டியூஷனுக்கோ போக வீட்டில் கை நீட்ட வேண்டாம் என்பது ஒரு பெண்ணுக்குப் பெரிய விஷயம். 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் வந்தது, அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குக் கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழுகிறது. "படிக்க வைக்க முடியாது, கட்டிக் கொடுத்துடறோம்" என்று சொல்ல வந்த ஒரு அம்மா, இதைக் கேட்டபிறகு டிகிரி முடியட்டும் என்று திரும்பிப் போனார்.

உசிலை அண்ணே, செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி தெரியுமா? அங்கே பள்ளியில் படித்து, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் முடித்தவர். அப்போது அந்தக் கல்லூரி நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. 1987இல் இஸ்ரோவில் சேர்ந்தார். 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பி 2024 ஜனவரி 6 அன்று இலக்கை அடைந்த, சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 விண்கலத் திட்டத்துக்கு இயக்குநர் அவர்தான். செங்கோட்டையிலிருந்து அந்தக் காலத்தில் ஒரு அப்பா அனுப்பியிருக்கிறார்.

பல்கலை நகர் ஆய்வாளர் | மே 11, காலை 11.30

நாகமலை மேடம் "எந்த இடத்தில்" என்று கேட்டார்கள். ஆராய்ச்சியில் அந்த இடம் பிஎச்.டி. முடித்த பிறகு வருகிற ஐந்தாறு வருஷம். நான் உயிரியலில் பிஎச்.டி. முடித்தவள்.

பிஎச்.டி. சேர்க்கைக்கு ஒரு நிறுவனத்தில் நேர்காணல் போனபோது முதல் கேள்வியே "கல்யாணம் எப்போ?" என்றுதான் வந்தது. என் கூட வந்த பையனிடம் அவன் மாஸ்டர்ஸில் செய்த ஜெல் எலக்ட்ரோபோரிசிஸ் சோதனை பற்றிக் கேட்டார்கள். எனக்கும் அதே கேள்வியைக் கேட்டிருந்தால் அவனைவிட நன்றாகச் சொல்லியிருப்பேன்.

வேறு இடத்தில் சேர்ந்து பிஎச்.டி. முடித்தேன். அடுத்து போஸ்ட் டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி. அது வெளியூரில், பெரும்பாலும் வெளிநாட்டில், இரண்டு மூன்று வருஷ ஒப்பந்தத்தில் இருக்கும். அது இல்லாமல் நல்ல இடத்தில் ஆசிரியப் பணி கிடைக்காது. அந்த வயசு சரியாக இருபத்தெட்டிலிருந்து முப்பத்து மூன்று. நம் ஊரில் கல்யாணமும் முதல் குழந்தையும் விழுகிற வயசும் அதேதான். ஆய்வுத் துறை யாரையும் வெளியே போகச் சொல்வதில்லை. காத்திருக்காது, அவ்வளவுதான்.

இதற்கு மருந்தாகச் சில ஏற்பாடுகள் உண்டு, பல பெண்களுக்குத் தெரியாததால் எழுதுகிறேன். யு.ஜி.சி. விதிப்படி பிஎச்.டி. காலத்தில் பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தை பராமரிப்பு விடுப்பு எடுக்கலாம், முடிக்க இரண்டு வருஷம் கூடுதல் அவகாசமும் கிடைக்கும். கைடு தரும் சலுகை இல்லை, விதி. இடைவெளி விழுந்தவர்களுக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் மகளிர் விஞ்ஞானி திட்டம் 2002-03இல் தொடங்கியது, இப்போது வைஸ்-கிரண் என்ற குடையின் கீழ் வருகிறது. நான் திரும்பி லேபுக்கு வந்தது அந்த மாதிரி ஒரு உதவித்தொகையில்தான். மறுபடி பைப்பெட் பிடித்தபோது இருந்த சந்தோஷத்தை இங்கே எழுதி மாளாது.

ஆனால் மூன்று வருஷத்தில் உதவித்தொகை முடிந்துவிடும். அதற்குப் பிறகு? நிரந்தரப் பணியிடம் வருவதே அபூர்வம். வந்தால் தொடர்ச்சியான அனுபவம் கேட்கிறார்கள். திரும்பி வரக் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே உட்கார நாற்காலி போடவில்லை.

ஜானகி அம்மாளைப் பற்றி எல்லாக் கூட்டத்திலும் சொல்வார்கள். 1897இல் தலச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கலப்பினக் கரும்புகளை உருவாக்கியவர். பயிர்களின் குரோமோசோம்களைத் தொகுத்து 1945இல் டார்லிங்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானியோடு சேர்ந்து புத்தகம் போட்டார். எனக்கும் அவர் முன்மாதிரி. ஆனால் அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. குடும்பமும் வேண்டும், லேபும் வேண்டும் என்கிற சாதாரணப் பெண்ணுக்கும் ஆய்வகத்தில் இடம் இருக்க வேண்டும். பையன்கள் யாரும் இதில் ஒன்றை விட்டுத்தர வேண்டியதில்லை.

இலந்தைக்குளம் டெஸ்டர் | மே 11, மாலை 4.18

ஐ.டி.யில் "ஏசி ரூம்" என்று உசிலை அண்ணனின் மச்சினன் சொன்னதற்கு. அங்கேயும் இதே பிரச்சினைதான், கொஞ்சம் தள்ளி வரும். நாட்டின் ஐ.டி. ஊழியர்களில் பெண்கள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவார்கள், மற்றத் தொழில்களைவிட மேல். ஆனால் சேருகிற வரிசையில் பாதி, மேனேஜர் வரிசையில் தேட வேண்டும்.

சென்னையில் எட்டு வருஷம் இருந்தேன். குழந்தை பிறந்ததும் மதுரைக்கு வந்துவிட்டேன், அம்மா இங்கே இருப்பதால். இலந்தைக்குளம் எல்காட் ஐ.டி. பூங்கா பக்கம் வேலை. சம்பளம் சென்னையைவிடக் குறைவு, மாறிக்கொள்ள நிறுவனங்களும் குறைவு. என் கணவர் சென்னையிலேயே இருந்து டீம் லீடிலிருந்து மேனேஜர் ஆகிவிட்டார். இருவரும் ஒரே கல்லூரி, ஒரே பேட்ச். கிளாடியா கோல்டின் 2023இல் பொருளாதார நோபல் வாங்கியது இதைப் பற்றித்தான். ஒரே படிப்பு படித்த ஆணும் பெண்ணும் கிட்டத்தட்ட ஒரே சம்பளத்தில் தொடங்குகிறார்கள், முதல் குழந்தையோடு வரைகோடுகள் பிரிகின்றன, திரும்பச் சேர்வதில்லை. அமெரிக்கத் தரவை வைத்து அவர் சொன்னார். நான் வீட்டு வரவு செலவு நோட்டிலேயே பார்க்கிறேன்.

மாட்டுத்தாவணியில் டைடல் பார்க் என்கிற ஐ.டி. வளாகத்துக்கு இந்த பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அது வந்தால் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி. ஊரை விட்டுப் போனால்தான் தொழில்நுட்ப வேலை என்ற நிலைமை பையனைவிடப் பெண்ணைத்தான் அதிகம் தடுக்கிறது.

தங்குமிடம் பற்றியும் ஒரு வார்த்தை. போன செப்டம்பரில் கட்ராபாளையம் பகுதி மகளிர் விடுதியில் தீப்பிடித்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். வேலைக்காக வீட்டை விட்டு வந்து தங்கியவர்கள். பெண்ணை வெளியூர் அனுப்பு என்று அப்பாக்களிடம் சொல்கிற நாம், அவள் படுக்கிற கட்டடத்துக்கு இரண்டாவது வழி இருக்கிறதா என்று யார் பார்ப்பது என்றும் கேட்க வேண்டும். அரசின் தோழி விடுதிகள் மாதிரி, வாடகை கட்டுப்படியாகிற, பாதுகாப்பான இடங்கள் இன்னும் நிறைய வேண்டும்.

அனுப்பானடி பாட்டி | மே 11, இரவு 7.55

பேரன் டைப் செய்து தருகிறான், நான் சொல்லச் சொல்ல.

எல்லாரும் "அம்மா இருக்காங்க, பாத்துப்பாங்க" என்கிறீர்கள். அந்த அம்மா நான்தான். அறிவியல் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனேன். ரிட்டயர் ஆனதும் தெருப் பிள்ளைகளுக்கு வானம் காட்ட ஒரு சின்ன டெலஸ்கோப் வாங்க வேண்டும் என்று வைத்திருந்தேன். மகளுக்குக் குழந்தை பிறந்தது. அப்புறம் மருமகளுக்கு. மகள் வேலைக்குப் போவதில் எனக்குப் பெருமை. ஆனால் ஒரு பெண் வேலைக்குப் போக இன்னொரு பெண் வீட்டில் உட்கார வேண்டும் என்றால், நாம் என்ன மாற்றியிருக்கிறோம் கண்ணுகளா? மருமகனிடம் ஒரு நாள் சொன்னேன், "வாரத்துல ரெண்டு நாள் நீங்க பாத்துக்கங்க மாப்ள." இப்போது பார்த்துக்கொள்கிறார். குழந்தை அவரிடம் சமர்த்தாகத்தான் இருக்கிறது. அவரிடம் அதுவரை யாருமே கேட்கவில்லை.

உலகனேரி வக்கீல் | மே 11, இரவு 9.10

பாட்டி சொன்னதோடு லலிதாவின் கதையைச் சேர்க்க வேண்டும். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர். அவருக்கு 18 வயதானபோது கணவர் இறந்துவிட்டார், கையில் சில மாதக் குழந்தை. அப்பா கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியர், மகளை அங்கேயே சேர்த்தார். 1943இல் மின் பொறியியல் முடித்தார். பின்னால் கல்கத்தாவில் வேலை பார்த்தபோது சகோதரர் குடும்பத்தோடு தங்கி மகளை வளர்த்தார். பக்ரா நங்கல் அணைத் திட்டத்துக்கான மின் பணிகளில் அவர் பங்கு உண்டு, 1964இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்கள் மாநாட்டுக்கும் போனார். அப்பாவும் சகோதரர்களும் குழந்தை வளர்ப்பில் தோள் கொடுத்த வீடு அது. 1940களில் அந்த வீட்டு ஆண்களால் முடிந்திருக்கிறது.

வீரபாஞ்சான் வாசி | மே 12, காலை 8.05

நம் ஊரிலேயே பெரிய உதாரணம் கண் முன்னால் இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. அரவிந்த் கண் மருத்துவமனை. 1976இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார். கிராமத்துப் பெண்களை பிளஸ் டூ முடிந்ததும் எடுத்து, இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்து, பார்வை அளப்பது முதல் ஆபரேஷன் தியேட்டர் உதவி வரை அவர்களிடம் கொடுத்தார்கள். 1992இல் ஆரோலேப் வந்தது. வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த கண் லென்ஸை, அதன் விலையில் சிறு பங்குக்கு மதுரையிலேயே செய்தார்கள். அங்கே சுத்த அறையில் லென்ஸ் செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மைக்ரான் கணக்கில் துல்லியம் வேண்டிய வேலை. தங்க இடம், பயிற்சி, கூட்டாக வேலை என்று தொடக்கத்திலேயே அமைத்ததால் பெற்றோர் நம்பி அனுப்பினார்கள்.

பல்கலை நகர் ஆய்வாளர் | மே 12, காலை 10.40

அதை நான் மதிக்கிறேன். கூடவே ஒரு கேள்வி. அங்கே பயிற்சி பெறும் பெண்ணுக்கு அடுத்த படி எது? அவள் ஆப்டோமெட்ரி பட்டமோ, டிசைன் பக்கமோ போக வழி அகலமாக இருக்க வேண்டும். மைக்ரோமீட்டர் சொன்ன ஏணிதான் இங்கேயும். எந்த நிறுவனமானாலும், பெண்கள் எத்தனை பேர் என்பதோடு நிறுத்தாமல் எந்தப் படியில் இருக்கிறார்கள் என்றும் கேட்போம்.

கே.கே.நகர் பொறியாளர் | மே 12, பகல் 2.00

கூடுதல் இடம் என்ற விளக்கத்துக்கு நன்றி டீச்சர். வேலை ஒதுக்கீட்டில் என் கருத்து இன்னும் வேறுதான். நத்தம் ரோடு கலைஞர் நூலகத்தில் பார்க்கிறேன், பி.இ. முடித்த பெண்கள் வரிசையாக டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறார்கள். படித்த பொறியியல் அங்கே வீணாகவில்லையா?

மேலூர் கணக்கு டீச்சர் | மே 12, மாலை 6.30

தனியார் கம்பெனியில் "கல்யாணம் எப்போ" என்று கேட்கிறார்கள், அரசு வேலையில் கேட்பதில்லை. அதனால்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். பொறியியல் வீணாவதில் எனக்கும் வருத்தம் உண்டு சார், அதைத் தடுக்கக் கம்பெனிகள்தான் மாற வேண்டும்.

கப்பலூர் பட்டறை | மே 12, இரவு 9.25

இரண்டு நாளாக எல்லாவற்றையும் படித்தேன். இரவு ஷிப்டை இப்போதைக்கு நான் தொடப்போவதில்லை, கட்டுப்படியாகாது. வேன் பற்றி மட்டும் எஸ்டேட்டில் பக்கத்து யூனிட்காரர்களிடம் பேசினேன். ஆளுக்கு நான்கைந்து பெண்கள் என்றால் நான்கு யூனிட் சேர்ந்து திருமங்கலம் பக்கம் ஒன்று, அவனியாபுரம் பக்கம் ஒன்று என்று பகல் ஷிப்டுக்கு ஓட்டலாம். மூன்று பேர் சரி என்றார்கள், ஒருவர் யோசிக்கிறார். டர்னிங் சென்டரில் (உலோகத்தைச் சுழற்றிக் கடைகிற மெஷின்) அடுத்த இரண்டு டிரெய்னிக்கு விளம்பரம் போடும்போது ஆண், பெண் என்று எழுதப்போவதில்லை. யார் நன்றாகச் செய்கிறார்களோ எடுக்கிறேன்.

உசிலை அண்ணே, மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் பட்டறைக்கு வாருங்கள். மெஷின் ஓடும்போது பார்த்துவிட்டு அவளே முடிவு செய்யட்டும்.

உசிலை அப்பா | மே 12, இரவு 10.15

ரொம்ப நன்றி அண்ணே. மகளும் எல்லாவற்றையும் படித்தாள். இந்த ஞாயிறு வரலாமா? நாகமலை மேடம், கவுன்சலிங் பற்றி ஒரு சந்தேகம். அவள் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளிதான். சாய்ஸ் எப்படிக் கொடுப்பது?

நாகமலை விரிவுரையாளர் | மே 13, காலை 7.10

ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வருவாள். அதில் சேர்ந்தால் கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. எனவே தூரத்துக் கல்லூரி என்றால் செலவாகுமே என்று நல்ல கல்லூரியை விடாதீர்கள். விண்ணப்பத்தில் அரசுப் பள்ளி என்ற பகுதியைச் சரியாக நிரப்பி, பள்ளியிலிருந்து படிப்புச் சான்று வாங்கி வையுங்கள். சாய்ஸ் ஃபில்லிங்கில் "கிடைக்குமா" என்று யோசிக்காமல் அவளுக்கு எது முதலில் வேண்டுமோ அதை மேலே போடுங்கள். வரிசைதான் முக்கியம். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது பிளேஸ்மென்ட் ஆபீசரிடம் ஒன்று கேளுங்கள்: போன வருஷம் மெக்கானிக்கல் படித்த பெண்களில் எத்தனை பேர் கோர் கம்பெனியில் (படித்த துறையிலேயே வேலை தருகிற கம்பெனி), எந்தப் பிரிவில் சேர்ந்தார்கள்? பதில் சொல்லத் தடுமாறினால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள். புதுமைப் பெண் 1000 ரூபாய்க்குக் கல்லூரியில் சேர்ந்த பிறகு அங்கேயே விண்ணப்பிக்கலாம்.

கப்பலூர் பட்டறை | மே 13, காலை 8.00

ஞாயிறு மெஷின் ஓடாது அண்ணே. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாருங்கள்.

மைக்ரோமீட்டர் | மே 13, காலை 8.35

சனிக்கிழமை எனக்கு செகண்ட் ஷிப்ட், காலையில் நானும் கப்பலூர் வந்துவிடுகிறேன். அப்பா, பாப்பாவிடம் சொல்லுங்கள்: முன்பக்கம் மூடிய ஷூ போட வேண்டும், முடியை இழுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும், லேத் பக்கத்தில் ஷால் கூடாது, வளையலும் வேண்டாம். ஒரு நோட்டு எடுத்து வரட்டும். வெர்னியரில் அளவெடுக்க நான் சொல்லித் தருகிறேன்.